பரப்பன அக்ரஹாரத்துக்கு மறுபடியும்: சோர்ந்து நின்ற சிறை ஊழியத்தைத் திரும்பத் தொடங்க

சிறை ஊழியத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் முடிவெடுத்து விட்டவர்கள் இல்லை. ஒரு மாதம் சபையில் வேறு கூட்டம், அடுத்த மாதம் பிள்ளைக்குப் பரீட்சை, அதற்குள் அனுமதிக் கடிதம் காலாவதி. பை அலமாரி மேலே ஏறிவிடும். ஆனால் அந்தச் சாக்குகளுக்கு அடியில் ஏதோ ஒரு அடி விழுந்திருக்கும், அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெங்களூரில், அதிலும் பரப்பன அக்ரஹாரம் மத்திய சிறையில், தமிழிலோ தமிழும் கன்னடமும் கலந்தோ ஊழியம் செய்து நின்று, இப்போது திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். வேறு ஊர்க்காரர்கள் விதிமுறைகளைத் தங்கள் சிறைக்குத் தகுந்தபடி விசாரித்துக்கொள்ள வேண்டும். சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை என்பதால் கர்நாடகத்தில் செல்லுவது ஓசூர் தாண்டினால் செல்லாது.

முதலில் ஒரு தாள் எடுத்து, எதனால் நின்றோம் என்று எழுதுங்கள். "சோர்வு" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த ஒரு சொல்லுக்குள் வேறு வேறு காயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அதிகம் பேரை உடைப்பது, ஜெபித்து, பின்தொடர்ந்து, வேலை வாங்கிக் கொடுத்த ஒருவர் சில மாதத்தில் மறுபடி உள்ளே வந்து நிற்பதுதான். "அத்தனையும் வீண்" என்று தோன்றும். ஆனால் அவர் எதற்காகத் திரும்ப வந்தார் என்று விசாரித்தவர்கள் குறைவு. புதுக் குற்றம் செய்துதான் வந்திருப்பார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஜாமீனில் வந்தவர் ஒரு வாய்தாவுக்குப் போகாவிட்டால் நீதிமன்றம் பிடிவாரன்ட் போடும், போலீஸ் வந்து கூட்டிப் போகும். கட்டட வேலைக்குப் போனவர் ஒரு நாள் கூலியை விட முடியாமல் வாய்தாவைத் தவறவிட்டிருப்பார். தேதி எழுதிய துண்டுச் சீட்டு தொலைந்திருக்கும். வக்கீல் போன் எடுத்திருக்க மாட்டார். இது பாவத்தில் பின்வாங்கிய கதை அல்ல, நாட்காட்டி இல்லாத கதை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பலருடைய பாரம் பாதி இறங்கும். மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னால், விடுதலையானவர்களைப் பற்றிய பகுதியில் சொல்கிறோம்.

இரண்டாவது, பணம். குடும்பத்துக்கு அவசரம் என்று சொல்லி வாங்கியவர் பொய் சொன்னது தெரிய வந்திருக்கும். இதில் மனிதரை விட முறையில்தான் தவறு அதிகம். தனி ஆளாகப் பணம் கொடுத்த இடத்தில் இது நடக்காமல் இருக்காது. மூன்றாவது, வாசலில் பட்ட அவமானம். இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, "இன்னிக்கு இல்ல" என்று திருப்பி அனுப்புவது. நான்காவது, குழுவுக்குள் வந்த மனஸ்தாபம்: யார் பிரசங்கிப்பது, யார் பெயரில் கடிதம், எந்தச் சபையின் ஊழியம் என்பது போன்றவை. ஐந்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே நமக்குத் தெரிந்த ஒருவர் தூக்கிட்டுக்கொள்வது, அல்லது வியாதியில் இறந்துபோவது. அப்படி ஒன்று நடந்து நின்றவர்கள் அனுமதிக் கடிதத்துக்கு அலைவதற்கு முன்னால் ஒரு ஆலோசகரிடமோ தாங்கள் நம்பும் போதகரிடமோ அதைப் பேசி இறக்கி வைக்க வேண்டும். தேசிய மனநல உதவி எண் 14416, டெலி மானஸ். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.

உடல் அலுப்பையும் ஆவிக்குரிய சோர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துப் "போதும்" என்றபோது தூதன் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நடக்கச் சொன்னது அதற்கப்புறம். வீட்டில் கடன் நெருக்கடி, உடல்நலக் குறைவு, வேலை மாற்றம் இருக்கும்போது, "ஊழியத்துக்குப் போனால் எல்லாம் சரியாகும்" என்று கிளம்பினால் இரண்டாவது முறை இன்னும் சீக்கிரம் விழுவீர்கள்.

வெட்கத்தால் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போன மாற்குவைப் பவுல் ஒருமுறை கூட்டிக்கொண்டு போக மறுத்தார். பிற்பாடு அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). அதை எழுதும்போது பவுல் விலங்கில் இருந்தார். விட்டுப்போனவனை வரச் சொல்லிக் கேட்டவர் ஒரு சிறைவாசி.

எவ்வளவு வாக்குக் கொடுப்பது

திரும்பி வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, விட்டதைப் பிடிப்பது போல வாரா வாரம் போகத் தொடங்குவது. மூன்று மாதத்தில் மறுபடி நிற்பார்கள். மாதம் ஒரு முறை, 12 மாதம். இதுதான் எங்கள் பரிந்துரை. உள்ளே இருப்பவர்கள் தேதி எண்ணுகிறவர்கள். நீங்கள் வாரா வாரம் வந்து நின்றுவிடுவதை விட, சொன்ன சனிக்கிழமையில் மாதம் ஒரு முறை வருவது அவர்களுக்குப் பெரிய காரியம்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். டிசம்பரில் வேண்டாம். கிறிஸ்துமஸ் கேக்கோடு எல்லாச் சபைகளும் வரிசையில் நிற்கும் மாதம் அது. அதிகாரிகளுக்கும் அலுப்பு, உள்ளே இருப்பவர்களுக்கும் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஜனவரி இரண்டாம் வாரம் பாருங்கள், ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஜனவரி, இல்லாவிட்டால் பள்ளி திறந்த பிறகு ஜூன். அந்த வெறுமையான மாதங்களில் வருகிறவரை வாசலில் இருக்கும் காவலரும் நினைவில் வைத்துக்கொள்வார்.

தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே போய்வரும் குழு ஒன்றில் ஐந்தாவது ஆளாகச் சேருங்கள், தலைவராக அல்ல. கத்தோலிக்கர்களுக்கு 1981-இல் கேரளத்தில் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா இருக்கிறது. நாஜிகளின் ஆஷ்விட்ச் வதைமுகாமில் இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்து 1941-இல் இறந்த புனித மாக்சிமிலியன் கோல்பே அதற்குப் பாதுகாவலர், ஆகஸ்ட் 14 அவருடைய திருநாள். சி.எஸ்.ஐ., மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மூத்தவர்களின் பெயரில்தான் அனுமதி இருக்கும். அவர்களிடம் போய், "ஆறு மாதம் பை தூக்குகிறேன்" என்று சொல்லுங்கள். பழைய குழுவோடு சண்டை இருந்தால், உள்ளே போவதற்கு முன் வெளியே ஒப்புரவாகிவிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் முகத்தைப் படிப்பதில் தேர்ந்தவர்கள். இரண்டு ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அனுமதி

பழைய கடிதம் செல்லும் என்று நம்பி வாசலுக்குப் போகாதீர்கள். அதிகாரி மாறியிருப்பார். உள்ளே செல்பேசி பிடிபட்டது என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எல்லாக் குழுக்களின் அனுமதியும் இறுகும். புதிதாகவே விண்ணப்பம் போடுங்கள்.

முதலில், எழுதுவதற்கு முன், யாருக்கு எழுத வேண்டும் என்று கேளுங்கள். சில நிகழ்ச்சிகளுக்குச் சிறைக் கண்காணிப்பாளரே கையெழுத்திடுவார், சிலவற்றைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். தப்பான மேசையில் வைத்த கடிதம் மாதக்கணக்கில் தூங்கும். கடிதம் சபையின் லெட்டர்ஹெட்டில் கன்னடத்தில் இருப்பது நல்லது, ஆங்கில நகல் ஒன்றைக் கூட இணைக்கலாம். தமிழில் எழுதாதீர்கள். அது மொழிப் பற்று சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, படிக்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான். கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதி, எந்த மொழிகளில், வருகிறவர்களின் முழுப் பெயர், வயது, முகவரி, கொண்டுவரும் பொருட்களின் பட்டியல். புத்தகமானால் தலைப்பும் எண்ணிக்கையும். ஒவ்வொருவருடைய ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம். போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டால் கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியலில் வரக்கூடியவர்களை மட்டும் எழுதுங்கள். "இருக்கட்டும்" என்று 15 பேரைப் போட்டு நான்கு பேர் போனால் அடுத்த முறை பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே குடும்பத்தாரோ, வழக்கில் சம்பந்தப்பட்டவரோ இருந்தால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பின்னால் தெரிந்தால் போவது ஒருவருடைய பாஸ் மட்டும் இல்லை, முழுக் குழுவின் அனுமதியும்தான்.

மூன்று நகல் எடுங்கள். ஒன்றில் வரவு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 15 நாள் கழித்து அந்த முத்திரை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் இல்லாமல் "கடிதம் கொடுத்திருந்தோம் சார்" என்று போனால் மறுபடி எழுதச் சொல்வார்கள்.

சட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. கர்நாடகத்தில் 2022-இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறைக்குள் நாம் வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான். ஞானஸ்நானம் உள்ளே வேண்டாம். கிறிஸ்துவை ஏற்பதாக எழுதித் தரும் தீர்மானச் சீட்டு, கையெழுத்து, போன் எண் எதையும் வாங்க வேண்டாம். வருகிறவர்களுக்கு மட்டும் பிஸ்கட், வராதவர்களுக்கு இல்லை என்பது கூடவே கூடாது. தின்பண்டம் அனுமதித்தால் முழு பேரக்குக்கும் (கைதிகள் தங்கும் கூடம்) போக வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 65-ஆம் விதி, தன் மதத்தின் பிரதிநிதியைச் சந்திக்கும் உரிமையைக் கைதிக்குக் கொடுக்கிறது. வேண்டாம் என்றால் அவர் மறுப்பை மதிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாவது பாதி நமக்கு.

முதல் நாள்

மஞ்சள் வழித்தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்த பிறகு பயணம் எளிதாகிவிட்டது. சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் ஹோசா ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். குறித்த நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள்.

உடை: முழு வெள்ளையும் காக்கியும் வேண்டாம். தண்டனைக் கைதிகளின் சீருடை வெள்ளை, காவலர்களுடையது காக்கி. வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்ட் போடும் நம் போதகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்ணச் சட்டை, பட்டை இல்லாத செருப்பு அல்லது எளிதில் கழற்றும் ஷூ. பெண்களுக்குப் பருத்திச் சேலையோ சுடிதாரோ, நகை வேண்டாம். பெண்கள் பகுதிக்குப் பெண்கள் மட்டுமே போக வேண்டும். அங்கே ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் வழிமுறை வகுத்திருக்கிறது. ஒரு பொம்மை கொண்டுபோவதானாலும் பட்டியலில் எழுதி அனுமதி வாங்கிய பிறகுதான்.

செல்பேசி, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், பர்சிலுள்ள பணம், தலைவலி மாத்திரை, பாக்குப் பொட்டலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பைகளைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். பழைய பையின் ஓரத்தில் ஒரு சிம் அட்டையோ சவர பிளேடோ மறந்து கிடந்தால் நீங்கள் தெரியாமல் செய்ததை யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகம் கெட்டி அட்டை போட்டதாக இருக்க வேண்டாம். அட்டைக்குள் ஒளித்து வைக்கலாம் என்பதால் சோதனையில் கிழிப்பார்கள். ஸ்டேப்ளர் பின், சுருள் கம்பி உள்ளவையும் வேண்டாம். மகாத்மா காந்தி சாலையில் வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் இருப்பது நமக்கு வசதி. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று மெல்லிய அட்டையுள்ள புதிய ஏற்பாடுகளைப் பார்த்து வாங்கலாம். பெரிய எழுத்துப் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளே மங்கலான வெளிச்சம், நாற்பது தாண்டியவர்களில் பலருக்குக் கண்ணாடி இல்லை. "ஏன் வேதம் வாசிக்கவில்லை" என்று கேட்பதற்கு முன்னால் எழுத்து தெரிகிறதா என்று கேளுங்கள். கண்ணாடியை நீங்களே எடுத்துப் போகாமல், சிறை மருத்துவமனை வழியாக ஒரு கண் பரிசோதனை முகாமுக்கு எழுதிக் கேட்கலாம். பத்துப் பிரசங்கத்தை விட அது அதிகம் பேசும்.

வாசலில் கன்னடம் பேசுங்கள். "நமஸ்காரா சார், அனுமதி பத்ரா இதெ" என்ற அளவு வந்தால்கூடப் போதும். காவலர்களைத் தடையாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆள் குறைவாக, ஷிப்ட் நீண்டு, அவர்களும் அதே சுவருக்குள் வாழ்கிறார்கள். பெயர் தெரிந்துகொள்ளுங்கள், குடும்பத்தை விசாரியுங்கள். ஆனால் அன்பளிப்பு எதுவும் வேண்டாம், பண்டிகை இனிப்பும்கூட. ஒரு முறை கொடுத்தால் அது வாசல் கட்டணமாகிவிடும்.

ஒரு மணி நேரம் அனுமதி என்றால் 40 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். ஆட்களைக் கூட்டி எண்ணி உட்கார வைப்பதிலேயே மீதி போய்விடும். பாட்டுக்குப் பத்து நிமிடம், வாசிப்புக்கு ஐந்து, பேச்சுக்குப் பத்து, மீதி 15 நிமிடம் தனித்தனியே கேட்பதற்கு. இந்தக் கடைசி 15 நிமிடத்தைத்தான் பேச்சாளர்கள் முதலில் விழுங்கிவிடுவார்கள். கடிகாரம் இன்னொருவர் கையில் இருக்கட்டும். இசைக்கருவி வேண்டாம், கைத்தாளம் போதும். அச்சிட்ட தாள் கொடுப்பதை விட ஒரே வசனத்தை நான்கு சந்திப்புக்கும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அதை பேரக்குக்கு எடுத்துப் போக முடியும், தாள் சோதனையில் போய்விடும்.

வார நாட்களில் விசாரணைக் கைதிகள் பலர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார்கள், அல்லது காணொளி விசாரணைக்குக் காத்திருப்பார்கள். விடுமுறை நாளில் எல்லாரும் இருப்பார்கள், ஆனால் காவலுக்கு ஆள் குறைவாக இருக்கும். எந்த நாள் தோது என்பதைச் சிறையின் நலப் பிரிவு அதிகாரியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

"ஏன் இத்தனை நாளா வரல?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்: "வராம இருந்தது என் தப்புண்ணா, இனி மாதம் ஒரு தடவை வருவேன்." அவ்வளவுதான். உங்கள் கஷ்டத்தை அங்கே விவரிக்கத் தொடங்காதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையும் அவர்கள் தலையில் விழும்.

பேசக் கூடாதவை, பேச வேண்டியவை

நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். "நீங்கள் செய்த பாவத்துக்காக இங்கே இருக்கிறீர்கள்" என்று தொடங்கும் பிரசங்கம் சட்டப்படியும் தப்பு, வேதப்படியும் தப்பு. வழக்கு என்ன என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் குற்றத்தின் விவரத்துக்குள் போக விடாதீர்கள். உங்கள் காதில் விழுவது பிற்பாடு உங்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தலாம், அவருக்கும் கேடாகலாம்.

இதைவிடப் பெரிய காயத்தை நம்மிடையே உள்ள ஒரு பழக்கம் ஏற்படுத்துகிறது. "அடுத்த வாய்தாவில் கர்த்தர் உன்னை வெளியே கொண்டுவருவார்" என்று தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டு வருவது. சொன்னவர் ஹோசா ரோட்டில் மெட்ரோ ஏறிப் போய்விடுவார். கேட்டவர் வீட்டுக்குச் செய்தி அனுப்பி, தாய் கடன் வாங்கி, ஜாமீன்தாரரைத் தேடி வைத்திருப்பார். மனு தள்ளுபடியாகும். அன்று இரவு அவர் எந்த நிலையில் இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 12-ஐ முழுதாக வாசியுங்கள்: பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து அழைத்து வந்த அதே அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். பவுலை ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ் இரண்டு வருஷம் காவலிலேயே விட்டுப் போனான். இரண்டையும் சேர்த்துப் பிரசங்கியுங்கள். விடுதலைக்காக ஜெபிக்கலாம், தேதி குறிக்கக் கூடாது. குழுவில் யாராவது அப்படிச் சொன்னால் தலைவர் அந்த இடத்திலேயே மெல்லத் திருத்த வேண்டும், வெளியே வந்த பிறகு அல்ல.

வாக்குறுதிக்குப் பதிலாகத் தகவல் கொடுங்கள், அது நிச்சயமானது. காவலில் இருக்கும் யாருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையத்தில் மனு கொடுக்கலாம், குடும்பத்தார் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, விசாரணைக் கைதி அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்கப்பட வேண்டும், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது கிடையாது, ஒன்றுக்கு மேல் வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போது வகுத்த வரம்பு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. போதைப்பொருள், ஊழல், கறுப்புப் பண வழக்குகளுக்குப் பொருந்தாது. தகுதி உண்டா என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. பெயரைச் சொல்லிச் சட்ட உதவி வக்கீலிடம் போகச் சொல்வது மட்டும்தான் நம் வேலை.

கடிதம் எடுத்துப் போகச் சொல்வார்கள். "வீட்டுக்கு ஒரு போன் மட்டும்" என்பார்கள். வேண்டாம். மனம் இளகும், ஆனாலும் வேண்டாம். "அம்மாகிட்ட வரச் சொல்லு" என்பதற்குள் சாட்சிக்கு மிரட்டல் ஒளிந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. "நலப் பிரிவு அதிகாரிகிட்ட உங்க பேரச் சொல்றேன், அவர் மூலமா பேசலாம்" என்று சொல்லி, அதை அன்றே செய்யுங்கள். பணமும் அப்படித்தான். கையில் எதுவும் கிடையாது. சபையின் நிதியிலிருந்து, இரண்டு பேர் கையெழுத்தோடு, பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வாடகை வீட்டுக்காரருக்கோ நேரே கட்டுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், சபை அலுவலக எண் போதும்.

வெளியே வருகிறவர்கள்

ஜாமீன் உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்து, சரிபார்த்து, ஆளை விடும்போது பெரும்பாலும் மாலையாகிவிடும். இருட்டும் நேரத்தில், கையில் காசில்லாமல், சார்ஜ் இல்லாத பழைய போனோடு ஒருவர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் கூப்பிட வருகிறவர்தான் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கிறார், அது பழைய கூட்டாளியாக இருக்கலாம். பின்தொடரும் ஊழியம் தோற்பது பெரும்பாலும் விடுதலையான அன்றைய இரவில்தான்.

ஆகையால் விடுதலைக்கு முன்பே ஒரு பக்கத் தாளில் ஆறு விஷயங்களை எழுதி முடித்துவிடுங்கள்: யார் வாசலுக்கு வருவது, அன்று இரவு எங்கே தங்குவது, ஆதார் யாரிடம் இருக்கிறது, வக்கீல் பெயரும் எண்ணும், அடுத்த வாய்தா தேதியும் நீதிமன்ற அறை எண்ணும், ஜாமீன் நிபந்தனை என்ன. போலீஸ் நிலையத்தில் கையெழுத்திட வேண்டுமா, ஊரைவிட்டுப் போகக் கூடாதா என்பதைப் பார்க்காமல் கிருஷ்ணகிரியில் வேலை வாங்கிக் கொடுத்து ஜாமீன் ரத்தாக வைத்துவிடாதீர்கள். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் போன் செய்ய வேண்டும், அந்தப் பொறுப்புக்கு ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் தேதி பார்க்கலாம், செலவில்லாத வேலை. முன்பு சொன்ன பிடிவாரன்டுகளில் பலவற்றை இந்த ஒரு போன் தடுத்துவிடும்.

உங்கள் வீட்டில் தங்க வைக்காதீர்கள், முதல் வாரத்தில் கடன் கொடுக்காதீர்கள், சபை மேடையில் சாட்சி சொல்ல ஏற்றாதீர்கள். கடைசியானது நல்ல எண்ணத்தில் செய்வது, ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது மேடையில் அவர் சொல்வது பதிவாகி யூடியூபில் ஏறினால் அது ஒப்புதல் வாக்குமூலம் போலாகிவிடும். ஆறு மாதம் பின்வரிசையில் உட்காரட்டும். அங்கே அவரை யாரும் "ஜெயிலிருந்து வந்தவர்" என்று அறிமுகப்படுத்தாமல் இருந்தால் அதுவே அவருக்குப் போதும்.

மறுபடி நிற்காமல் இருக்க

உள்ளே போய்விட்டு நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். வெளியே ஒரு டீக்கடையில் 20 நிமிடம் குழுவாக உட்காருங்கள். மூன்று கேள்விகள்: இன்று எது நெஞ்சைத் தைத்தது, யாருக்கு என்ன செய்வதாகச் சொன்னோம், அதை யார் எந்தத் தேதிக்குள் செய்வது. இரண்டாவது கேள்விக்கான பதிலை நோட்டில் எழுதுங்கள். மறந்துபோன சின்ன வாக்குறுதிகள்தான் குழுவின் பெயரை உள்ளே கெடுக்கின்றன. நோட்டில் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் யார் பெயரும் வழக்கும் போகக் கூடாது. அந்தத் தகவல் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் விடுப்பு எடுங்கள். உங்கள் இடத்தில் இன்னொருவர் போக வேண்டும். வீட்டில் சின்னதுக்கும் எரிந்து விழுவது, உள்ளே கேட்டது கனவில் வருவது, போகும் நாளின் முந்தைய இரவு தூக்கம் வராதது, "என்னால்தான் அவர் பிழைப்பார்" என்று தோன்றுவது: இவற்றில் இரண்டு சேர்ந்தால் அந்த மாதம் போகாமல் குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் தள்ளி நிற்பதும் நின்றே போவதும் வேறு வேறு.

வாசலில் திருப்பி அனுப்பும் நாளும் வரும். சோதனை நடக்கலாம், மேலதிகாரி வருகை இருக்கலாம், உள்ளே ஏதாவது நடந்திருக்கலாம். காரணம் கேட்டு நிற்காதீர்கள். முன்பே கன்னடத்தில் அச்சடித்து வைத்த இரண்டு வரிக் குறிப்பைப் பையில் வைத்திருங்கள்: "இன்று வந்தோம், அனுமதி கிடைக்கவில்லை, அடுத்த வருகை இந்தத் தேதி." தேதியை மட்டும் பேனாவால் எழுதி, நலப் பிரிவு அதிகாரியிடம் சேர்க்கும்படி வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள். நிச்சயமாக வர முடிகிற தேதியை மட்டும் எழுதுங்கள்.